ஞாயிறு ஃபோனும் அப்பா வகுப்பும்

மார்ச் 3, ஞாயிறு

ஜெயிலிலிருந்து மகன் ஃபோன் செய்தான். உள்ளே இருக்கும் அப்பாக்களுக்கு வகுப்பு நடத்துகிறார்களாம், பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று. ஸ்கூலில் கடைசி பெஞ்சை விட்டு நகராத என் பிள்ளை, அங்கே முதல் வரிசையில் உட்காருகிறானாம்! கீழ்வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன்.

"அப்பனா இருக்கறதுக்கும் டியூஷனா?" என்று சிரித்தாள்.

"உன் புருஷனையும் சேத்து விடேன், பக்கத்துல இடம் காலியாத்தான் இருக்கு" என்றேன். அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

பேத்திதான் அவனிடம் பேசமாட்டேன் என்கிறாள். ஏழு வயது. அவன் உள்ளே போனதிலிருந்து, ஃபோனைக் காதில் வைத்தால் ஊமையாகிவிடுகிறாள். அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால்— சரி, அதை எழுதி என்ன.

மார்ச் 10, ஞாயிறு

வழக்கம்போல ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். "இன்னைக்கு என்னடா கண்ணு பண்ண?" என்று கேட்டான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடுப்பதே பத்து நிமிஷம், வீணாகப் போகிறதே என்று நானே சொன்னேன்: "நல்லா சாப்பிடறா, நல்லா படிக்கறா, டீச்சர் மெச்சிக்கறாங்க."

"அம்மா, நீ சொல்லாத. அவ சொல்லட்டும். கேட்டுட்டுக் காத்திருக்கணும்னு வகுப்புல சொல்லியிருக்காங்க."

"அதுவரைக்கும் நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கணுமா?"

"நீ கொஞ்சம் வெளிய போயிரும்மா."

வெளியே போகவேண்டுமாம். நான்! உன்னைப் பெத்தவ நான், உன் பொண்ண இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான், எனக்கு எவன்டா வகுப்பு எடுத்தான்? சொல்லவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். உள்ளே சத்தமே இல்லை.

மார்ச் 14, வியாழன்

பேத்தி ஸ்கூலுக்குப் போனபிறகு ரேடியோவில் பேசுகிறவனோடு சண்டை போட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

மறுபடி படிக்கட்டு. வெகுநேரம் கழித்து உள்ளே அவள் குரல். இந்த வயதில் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டேன், வெட்கத்தை விட்டு. "அப்புறம்... அப்புறம் என்னாச்சுன்னா..." அவ்வளவுதான் கேட்டது. பிறகு சிரிப்பு.

"என்னடி பேசின?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள, பாட்டி."

சந்தோஷம்தான். நான்தானே தினமும் வேண்டிக்கொண்டேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

மார்ச் 24, ஞாயிறு

வகுப்பை முடித்தவர்கள் இன்று பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருக்கலாம், நடுவில் கண்ணாடி இல்லாமல். குழந்தை அழுதால் உடனே வெளியே கூட்டி வந்துவிடுவார்கள்.

வகுப்பெடுக்கும் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "பாட்டி, குழந்தை மட்டும்தான். நீங்க இங்கயே இருங்க." பேத்தி என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசல் பெஞ்சுதான் அதைப் பார்த்தது.

அவள் அழவில்லை. முழு நேரமும் இருந்துவிட்டுத்தான் வந்தாள். பஸ்ஸில் என் மடியில் தூங்கினாள். அவள் சட்டையை முகர்ந்து பார்த்தேன், என் பிள்ளை வாசனை ஒட்டியிருக்கிறதா என்று. ஏதோ மலிவு சோப்பு வாசனை வந்தது.

மார்ச் 31, ஞாயிறு

ஃபோன் அடித்தது. யாரும் சொல்லாமலே எழுந்து படிக்கட்டுக்குப் போனேன்.

"என்ன, உங்கள வெளிய தள்ளிட்டாங்களா?" என்றாள் தையல்காரி.

"எனக்குக் காத்து வேணும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பேத்தி ஃபோனோடு வந்தாள். "பாட்டி, அப்பா உன்னக் கூப்பிடறாரு."

வாங்கினேன்.

"இன்னைக்கு நீ என்னம்மா பண்ண?"

"எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

பதில் இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். இல்லை, மூச்சு கேட்கிறது. காத்துக்கொண்டிருக்கிறான், பாவி.

"முட்டி வலிக்குதுடா" என்றேன். எப்படி வாயில் வந்தது? மருந்துக்கடைக்காரனிடம்கூட பக்கத்து வீட்டம்மாவுக்கு என்று சொல்லித்தான் மாத்திரை வாங்குகிறேன். பிறகு அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவன் முகத்தைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று சொன்னேன். ரேடியோக்காரனைப் பற்றியும் சொன்னேன்.

பேத்திதான் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். "பாட்டி, லைன் போய் ரொம்ப நேரமாச்சு."