ஒத்துவராத மூன்றாம் இலக்கம்

உன் கணினி இன்று சூடாகி நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினால் விசிறி முழுக்கப் பனியன் பஞ்சு. கீழே உன் தம்பியின் நிட்டிங் மெஷின்கள் ஓட, மேலே உட்கார்ந்து நீ அணுவைக் கணக்கிட்டால் வேறென்ன சேரும்? தும்மிக்கொண்டே துடைத்தேன். உன்மேல் இருக்கும் எரிச்சல் மட்டும் போகவில்லை.

அணுக் கடிகாரத்தில் அயனியின் துடிப்பை, அறையின் வெப்பம் மிக மிகச் சிறிதாக மாற்றிவிடும். எவ்வளவு என்று தெரிந்தால்தான் கடிகாரத்தைத் திருத்த முடியும். அதைத்தான் நாம் கணக்கிட்டோம். நல்லூரில் நீ ஒரு வழியில், அவிநாசியில் நான் வேறு வழியில். முதல் இரண்டு இலக்கங்கள் ஒத்துப்போயின. மூன்றாவது ஒத்துவரவில்லை.

"இதுவே போதும் புள்ள, கட்டுரைய அனுப்பீரலாம்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விடை வரோணும். நீ உன்ற கணக்க மறுக்காப் பாரு."

"எங்க தப்புன்னு சொல்லித் தொலையேன்!"

சொல்லவில்லை. எட்டு மாதம் இதே பேச்சு. கடைசியில் உன் போனை எடுப்பதையே நிறுத்தினேன். ஆடி மாதம் உனக்கு மாரடைப்பு. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்ததும் உன் தம்பி கணினியைத் தந்தான். "நீங்களே வெச்சுக்கோங்க அக்கா. எங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க."

உன் கடைசிக் கோப்பில் என் கணக்கையும் நீயே போட்டுப் பார்த்திருந்தாய். தவறு என்னுடையது. கணக்கில் கூட்ட வேண்டிய உயர் ஆற்றல் நிலைகளைப் பாதியில் வெட்டிவிட்டிருந்தேன். அடியில் ஒரு வரி: "அவளிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் கணக்கும் என் கணக்காகிவிடும். அப்புறம் சரிபார்க்க ஆளில்லை."

நியாயம்தான். ஆனால் பாவி, அந்த நியாயத்தையாவது சொல்லியிருக்கலாமே! நான் போனை எடுக்காத நாட்களிலாவது இரண்டு வரி எழுதிப் போடக் கூடாதா?

விடை தெரிந்துவிட்டதால் இனி என் கணக்கு சாட்சிக்கு ஆகாது. சென்னையில் இதே துறை ஆய்வாளர் ஒருவரிடம் கேள்வியை மட்டும் கொடுத்தேன். "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு மேடம்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் அவர் விடை வந்தது. மூன்றாம் இலக்கம் அப்படியே உன்னுடையது. உன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

முன்பே விடை கையில் இருந்ததை அறிந்ததும் அவருக்குக் கோபம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எழுதியிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். நீ எனக்கு எழுதாமல் போன அந்த இரண்டு பக்கம்.