நாலு சோடிச் செருப்பு

லிங்கநகர்,
திருகோணமலை.
12.05.2007

அன்புள்ள லைலாவுக்கு,

உங்கட கடிதத்தை உங்கட ஊர்க் கலீலுர் றஹ்மான் மூதூர் லோஞ்சில கடல் தாண்டிக் கொண்டந்து தந்தவர். என்ர கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டுட்டுப் போனார். குணா போய் நாலு மாசம். எல்லாரும் கையைத்தான் பிடிக்கினம்.

ஈமெயிலுக்குப் பதில் இல்லையெண்டு குறை எழுதியிருக்கிறீங்கள். குறைதான். பகல் முழுக்கத் துறைமுகத்தில கம்ப்யூட்டரும் ரேடியோவும் திருத்திறன். வீட்டை வந்து அதுகளைத் தொட ஏலாமக் கிடக்கு. அதாலதான் பேப்பர்.

தோப்பூர் வீட்டுக்குக் கூரை போட்டாச்சு எண்டது ஆறுதல். வாப்பாட இளைப்பு எப்பிடி? குணா இருந்திருந்தா முதல் அதைத்தான் கேட்டிருப்பா.

குணாட கமராவைக் கேட்டிருக்கிறீங்கள். அவ விட்ட நிருபர் வேலையைச் செய்யப்போறன், என்ன தெரிஞ்சிருக்க வேணும் எண்டும் கேட்டிருக்கிறீங்கள். நான் வயரும் சோல்டரும் பாக்கிற ஆள். குணாட கொப்பியில கிடக்கிறதைப் பாத்து எழுதிறன்.

ஒருத்தர் சொன்னா அது கதை, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேர் சொன்னாத்தான் செய்தி எண்டு முதல் பக்கத்திலயே எழுதி வச்சிருக்கிறா. எத்தினை பேர் செத்தது எண்டு கேக்கக்கூடாதாம், ஆர் ஆர் எண்டு கேக்கவேணுமாம். பேர் சொல்ல ஏலாதவன் எண்ணிப் பாக்கேல்லை எண்டு அர்த்தமாம். எஸ்எம்எஸ்ஸில வந்ததை அப்பிடியே எழுதாத, பிந்தினா வெக்கம், பிழைச்சாப் பழி எண்டு சிவப்புப் பேனையால கிடக்கு. போனில ஒருத்தற்ற உண்மைப் பேரையும் போடாத எண்டும் இருக்கு. என்ர நம்பரையே ‘காஸ் கடை’ எண்டுதான் போட்டிருந்தவ. அண்டைக்கு ஆஸ்பத்திரியில இருந்து அவவின்ர போனில எடுத்தவன், “காஸ் கடையா?” எண்டு கேட்டான். ஓம் எண்டனான்.

கமரா தர ஏலாது. காரணம் கேக்காதேங்கோ.

இப்படிக்கு,
தவநேசன்

*

தோப்பூர்
21.05.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

வாப்பா இப்ப படுத்து நித்திரை கொள்றார். ஒங்கள விசாரிச்சார். “அந்தப் பொடியன் சாப்பிடுதா?” எண்டு கேட்டார். கடிதத்தில கேட்டுச் சொல்றன் எண்டன்.

போன கிழமை இஞ்ச ஒரு எஸ்எம்எஸ் வந்திச்சு, வயலுக்குப் போன ஆறு பேர வெட்டிட்டாங்க எண்டு. கடையெல்லாம் பூட்டு. பிள்ளையளத் தூக்கிக்கொண்டு சனம் பள்ளிவாசலுக்கு ஓடிச்சு. குணா சொன்ன மாதிரி நான் ஆர் ஆரெண்டு பேரக் கேட்டுக்கொண்டு வீடு வீடாப் போனன். ஒரு பேரும் இல்ல. ஆறு பேரும் பின்னேரம் நடந்து வந்தாங்க. அத எழுத ஒருத்தரும் இல்லண்ணன். பொய்ய எழுத ஆயிரம் பேர் இருக்காங்க.

ஒங்கள்ல ஒரு கோவம். நீங்க கல்யாணத்துக்குக் குணாவுக்குக் குடுத்த கமராவ அலுமாரிக்குள்ள வெச்சு ஆருக்கு? நீங்க தராட்டி, சாச்சிர மகன் கட்டார்ல இருந்து ஒண்டு அனுப்புறன் எண்டிருக்கான். எண்ட பேரக்கூட அதுல பதிஞ்சு தாறானாம். வந்த ஒடன வேலையத் தொடங்குறன்.

என்னில ஏதும் பிழையா? சொல்லிடுங்க.

அன்புத் தங்கச்சி,
லைலா

*

லிங்கநகர்
29.05.2007

லைலா,

அந்தக் கமராவில பேர் பதிய வேணாம் எண்டு இண்டைக்கே அவனுக்குச் சொல்லுங்கோ. காரணத்தை எழுதிறன். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

கல்யாணத்தண்டு கமராவைக் குடுக்க முதல் நான் அதைக் கம்ப்யூட்டரில கொழுவி, சொந்தக்காரர் பேர் எண்டு இருக்கிற கட்டத்தில ‘குணேஸ்வரி தவநேசன்’ எண்டு அடிச்சனான். படிச்ச படிப்பைக் காட்டின சந்தோசம். வெளியில தெரியாது. ஆனா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் அந்தப் பேர் போயிருக்கும், தேடத் தெரிஞ்சவன் வாசிக்கலாம். குணா சிரிச்சுப்போட்டு மறந்திட்டா. நானும் மறந்திட்டன். எங்கட லைன் மெதுவெண்டு அவ எப்பவும் படத்தைச் சின்னதாக்கித்தான் அனுப்புவா. நான் போட்டுக் குடுத்த புரோகிராமில சின்னதாக்கேக்க உள்ளுக்குள்ள இருக்கிற பேர் கழண்டிடும். அதால மூண்டு வருசம் ஒண்டும் நடக்கேல்லை.

இறக்கக்கண்டிப் படம் ஞாபகமா? கடலுக்குப் போய் வராத நாலு பேர். அவையள் கரையில கழட்டி வச்சிட்டுப் போன நாலு சோடிச் செருப்பு. மார்கழிக் கடைசியில வெப்சைட்டின்ர முதல் பக்கத்தில பெரிசா வந்தது. எடுத்த ஆளின்ர பேர் போடேல்லை.

படம் வந்து பதினோராம் நாள் ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில வந்தவங்கள். பக்கத்து வீட்டுப் புஸ்பராணி அக்கா மதிலுக்கு அங்கால உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ. வெடிச் சத்தத்துக்கு முதல் அவவின்ர காதில விழுந்தது இவ்வளவுதான்.

“குணேஸ்வரி தவநேசன் நீங்களா?”

குணா ஓம் எண்டிருக்கிறா.

அடையாள அட்டையில, ஆஸ்பத்திரிக் கார்டில, வங்கியில, எல்லாத்திலயும் அவ குணேஸ்வரி தம்பிராசா. கல்யாணத்துக்குப் பிறகும் மாத்தேல்லை. ஊருக்குக் குணா. எழுதினது வேற பேரில. என்ர பேரைச் சேத்து உலகத்தில ஒரே ஒரு இடத்திலதான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்ச பிறகு வெப்சைட்டில இருந்து அந்தப் படத்தை இறக்கித் திறந்து பாத்தனான். இருந்தது. ஒருநாளும் சின்னதாக்காம அனுப்பாதவ, அண்டைக்கு மட்டும் ஏன் மறந்தவ எண்டு விளங்கேல்லை. அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறன்.

தவநேசன்

*

தோப்பூர்
08.06.2007

அண்ணன்,

குணா மறக்கல்ல.

அண்டைக்கு அவளுக்குக் காய்ச்சல். நான் அப்ப திருகோணமலை ரவுண்ல சுபைதா மாமிர வீட்ட அகதியா இருந்தன். படம் இருந்த கமராக் கார்ட எண்ட கையில தந்து, “நெற் கபேக்குப் போய் சின்னதாக்கி அனுப்படி” எண்டாள். சின்னதாக்கி எண்டும் சொன்னவள். போய்ச் சின்னதாக்கித்தான் முதல்ல அனுப்பினன். ஒடன வெப்சைட் ஆசிரியர் எழுதினார், நல்ல படம், பெரிசு இருந்தா முதல் பக்கத்தில போடுறன் எண்டு. எனக்குப் பெருமை. அவளுக்கு ஒரு சந்தோசம் குடுப்பம் எண்டு, சின்னதாக்காம இருந்தபடியே திரும்ப அனுப்பினன். ஏற முக்கா மணித்தியாலம் எடுத்திச்சு. காத்துக்கொண்டு இருந்து அனுப்பினன் அண்ணன்.

அடுத்த நாள் அவள், “என்னடி இவ்வளவு வடிவா வந்திருக்கு” எண்டு கேட்டாள். நான் சிரிச்சன். அவளும் சிரிச்சாள்.

ஒங்கட கடிதம் வாசிக்கிறவரைக்கும் எனக்கு ஒண்டும் தெரியா. இப்ப தெரியும். கட்டார்க் கமரா வேணாம் எண்டு சொல்லிட்டன்.

லைலா

*

லிங்கநகர்
02.07.2007

லைலா,

உங்கட கடிதம் மூண்டு கிழமையா மேசையில கிடக்கு. கோபம் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை. அழுகை வருமெண்டு பாத்தனான். அதுவும் வரேல்லை. நான் எழுதினன், நீங்கள் அனுப்பினீங்கள், ஆரோ வாசிச்சான். வேலையால வந்து கதிரையில இருந்து, இதில ஒவ்வொண்டாக் கழிச்சுப் பாக்கிறன்.

ஒண்டு மட்டும் சொல்லோணும். நாலு மாசமா நான் குணாவைப் பிழை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறன், படத்துக்கு முன்னால நிண்டு, ஏன் மறந்தனீ எண்டு. அவ மறக்கேல்லை. அதை நீங்கள் எழுதாம விட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. எழுதினீங்கள்.

கமராவைக் கலீலுர் றஹ்மானிட்டக் குடுத்துவிடுறன். குணாட கொப்பியும் இருக்கு. கேபிளும் சீடியும் அடியில. கொழுவினா அந்தக் கட்டம் வரும். நான் ரெண்டு தரம் திறந்துவச்சுக்கொண்டு இருந்தனான். ஒரு கீயை அமத்திற வேலை. ஏலேல்லை. நீங்கள் அழியுங்கோ. அழிச்சிட்டு உங்கட பேரைப் போடாதேங்கோ. ஒருத்தற்ற பேரையும் போடாதேங்கோ.

அழிச்சதை மட்டும் ஒருக்கா அறிவியுங்கோ. அதுக்குப் பிறகு கடிதம் வேணாம். கோபமில்லை. கடிதத்துக்குக் கீழ உங்கட பேரைக் கண்டா அந்த நெற் கபேதான் வருது.

வாப்பாவைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ.

தவநேசன்

*

தோப்பூர்
16.07.2007

அண்ணன்,

அழிச்சிட்டன். அழிக்க முந்தி ஒருக்கா சத்தமா வாசிச்சன். வீட்டில ஒருத்தரும் இல்ல.

பொறகு ஒரு படம் எடுத்தன். சந்தைக்கு வந்த நெல்லு, வாங்க ஆளில்லாம மழையில நனஞ்சு முளைச்சிருக்கு. ரெண்டு பேர்ட்டக் கேட்டன். ஒருத்தர மத்தவருக்குத் தெரியா. படத்தத் திறந்து உள்ளுக்குப் பாத்தன். திகதியும் நேரமும் மட்டும்தான் இருந்திச்சு. அப்பிடி இருந்தும் சின்னதாக்கித்தான் அனுப்பினன்.

வாப்பாட்டச் சொன்னன், நீங்க சாப்பிடுறீங்க எண்டு.