பரவைக்கு அப்பால் இறங்கிக்கொண்ட அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை பஸ் நிற்கும் இடத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரிகாஸ் பஸ் ஒன்றுக்குக் கங்கு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் தொங்கும் பீப்பாயிலிருந்து புகை கிளம்பி மூக்கில் ஏறியது. தவிலைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "என்னண்ணே, மயக்கமா?" என்று கண்டக்டர் கேட்டார். பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது, நமக்கு இந்த நாற்றந்தான் மிச்சம் என்று எதையோ உளறி வைத்தேன். உங்கள் சாவு இந்த வாடையோடுதான் எனக்கு வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

அன்றைக்கும் இப்படி ஒரு வண்டிதான். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு மட்டும் மேளம். நீங்கள் நாயனம், நான் தவில், உங்கள் தம்பி சுருதிக்கு ஒத்து, ஜோடி நாயனத்துக்கும் தாளத்துக்கும் இன்னும் இரண்டு பேர். ஜன்னலோரம் வெற்றிலை மடித்தபடி வழியெல்லாம் என்னை வாரிக்கொண்டே வந்தீர்கள். "நீ அடிக்கிற அடியில கொஞ்சம் எடம் விடப்பா. நான் மூச்சு விட வேணாமா?" இதையே சொல்லிச் சொல்லித்தான் வெறும் முரட்டுக் கையாக இருந்த என்னைத் தவில்காரனாக்கினீர்கள். மற்ற மேளக்காரர்கள் எல்லாம் என்னைத் துரத்தியபோது, "இவன் கை எனக்கு வேணும்" என்று சேர்த்துக்கொண்டவரும் நீங்கள்தான்.

பரவை ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நீங்கள் மட்டும் இறங்கவில்லை. "அண்ணே, உங்களையும் சேத்துத் தள்ளணுமாக்கும்? எம்புட்டுக் கனம்!" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேலி செய்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தோளைத் தொட்டேன். சாய்ந்துவிட்டீர்கள். வாயில் வெற்றிலை மெல்லாமல் அப்படியே இருந்தது.

படுபாவி மனுசரே, ஒரு முனகலாவது முனகக் கூடாதா?

பிணத்தை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாய்க்கால் கரையில் மரத்தடியில் உங்களைக் கிடத்தினோம். அங்கேதான் கல்யாணத்துக்குப் போவதா, திரும்புவதா என்ற பேச்சு வந்தது. வாத்தியார் மகளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் மணவறை வரைக்கும் வந்து நின்று போயிருந்தது. மேளக்காரர் வரும் வழியில் செத்தார் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். நான் திரும்பலாம் என்றேன். எனக்கு நீங்கள்தான் பெரிது, எவள் கல்யாணம் நின்றால் என்ன? உங்கள் தம்பிதான் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "நீங்க போங்கண்ணே. நான் கொண்டு போறேன். எங்க அண்ணனால ஒரு பொண்ணு கல்யாணம் நின்னுச்சுன்னு பேரு வரக் கூடாது."

மதுரைக்குக் காய்கறி ஏற்றிப் போன மாட்டுவண்டி ஒன்றை நிறுத்தி, மூட்டைகளை ஒதுக்கி உங்களை ஏற்றினோம். பிறகு நாங்கள் மூன்று பேரும் வாய்க்காலில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு நடந்தோம்.

பந்தல் வாசலில் வாத்தியார் ஓடி வந்தார். "பெரியவரு எங்கப்பா?"

"பின்னாடி வாராருங்க."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அவர் தெருக்கோடி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒத்து இல்லாமல், நீங்கள் இல்லாமல், ஏதோ வாசித்தோம்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று ஐயர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம் எதற்கு? தும்மல், அழுகை, வாய் தவறி வரும் ஒரு கெட்ட சொல், எதுவும் மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கு. நாம் அடித்து எத்தனை சம்பந்திச் சண்டைகளை அமுக்கியிருக்கிறோம்! அன்றைக்கு அந்தப் பந்தலில் இருந்த அமங்கலம் நான்தான். வெறி பிடித்தவன் போல அடித்தேன். அடித்துக்கொண்டே வாய்விட்டு அழுதேன். "அண்ணே, அண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் தாளம் போட்டவனுக்குக்கூடக் கேட்கவில்லை. தாலி ஏறியதும் வாத்தியார் என் கண்ணைப் பார்த்தார். தம் மகளுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நீங்கள்லாம் நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பிடாமல் கிளம்பினேன். தத்தனேரிச் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது உங்களுக்குத் தீ வைத்து, ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை அண்ணே. அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளாம். இருக்கட்டும்.

எந்த ஊராக இருந்தாலும், யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், தாலி ஏறும் அந்த நேரத்தில் உங்களை வாய்விட்டுக் கூப்பிட்டுவிடுகிறேன். மற்ற நேரத்தில் கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்டுவிடுகிறது. இன்றைக்கும் கூப்பிட்டேன். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது.