படத்தில் ஞானாம்பிகையின் குரல்

12.2.1978, ஞாயிறு
அரியாலைக் கடலோரத்தில் கடைசிக் காட்சியும் எடுத்தாயிற்று. கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு எல்லாம் நான்தான். எட்டு வயதில் சென்னைப் படமொன்றில் குட்டி முருகனாக ஓடித்திரிந்தவன். இன்னமும் சந்தையில் கண்டால் "முருகன் வாறார்" என்று கேலி.

தாயாக நடிக்க வேண்டியவள் வராமல் விட்டதால் என் மனைவி ஞானாம்பிகையே நடித்தாள். மேடை ஏறாதவள். பிள்ளை செத்துக் கிடக்கும் காட்சியில் என் வசனத்தை விட்டுவிட்டு, எங்கள் மகள் அருந்ததி நெருப்புக்காய்ச்சலில் போன அன்று அழுததையே அழுதாள்.

"எழும்பு என்ரை குஞ்சு, அம்மா வந்திட்டனெல்லே."

கமராக்காரரும் அழுதார். நான் 'கட்' சொல்லவில்லை.

13.2
அதைப் படத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வையுங்கோ. என்ரை பிள்ளைக்கு நாலு சனம் அழட்டும்" என்றாள்.

9.6.1978, வெள்ளி
முதல் காட்சி. தியேட்டர் நிறைந்த சனம். அவள் வாய் திறந்ததும் சிரித்தார்கள். முதலில் கலரியில் ஒருவன், பிறகு எல்லாரும். விசில் வேறு. அட பாவிகளே, செத்தது பிள்ளையடா!

எங்கள் வீட்டுப் பேச்சை வானொலியிலும் மேடையிலும் கோமாளிகளின் வாயில் மட்டுமே கேட்டுப் பழகிய சனம். அழுவதென்றால் இந்தியத் தமிழ் வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். என்றாலும் சாவுக்குச் சிரிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

ஞானாம்பிகை பக்கத்தில்தான் இருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முடியும்வரை பார்த்தாள்.

10.6
விநியோகஸ்தர் பஞ்சலிங்கம் படத்தைத் தியேட்டரில் இருந்து எடுத்துவிட்டார். "உந்தக் குரலை மாத்தும் ஐசே. மாத்தினால் திரும்பப் போடுறன். இல்லாட்டி உம்மடை படத்தை இனி ஒருத்தரும் தொடமாட்டினம்."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

14.6
ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஞானாம்பிகையிடம் கேட்டேன். "உங்கடை படம். என்னை ஏன் கேக்கிறியள்?"

2.7
கொழும்பு. குரல் கொடுக்க வந்த பெண் கெட்டிக்காரி. "கண்ணே, அம்மாவைப் பார்க்கமாட்டாயா?" என்று ஒரே தடவையில் அழுது முடித்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க ஒன்றும் இல்லை. "போதுமா சேர்?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

28.7.1978, வெள்ளி
மறுபடி போட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் விம்மியது பின்வரிசைவரை கேட்டது. பஞ்சலிங்கம் முதுகில் தட்டி, "அடுத்த கதை இருக்கோ?" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் ஏன் எழுதவேண்டும்.

ஞானாம்பிகை வரவில்லை. வீட்டுக்கு வந்து, "சனம் அழுதது" என்றேன்.

"ஆருக்காம்?"

சோற்றைப் போட்டுவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

3.11.1978
அருந்ததியின் நினைவு நாள். உடுவிலில் இருந்து மாமி வந்து, சுவரில் பிள்ளையின் படத்தைக் கண்டதும் குழறி அழுதார். ஞானாம்பிகை விளக்கேற்றினாள், படைத்தாள். சத்தமே இல்லை.

"வாய்விட்டு அழன் பிள்ளை" என்றார் மாமி.

"அவர் நிக்கிறாரம்மா" என்றாள்.

நான் எழுந்து வெளியே போய் வாசல் படலையடியில் நின்றேன். நெடுநேரம் நின்றேன். உள்ளே மாமியின் குரல் மட்டும் கேட்டது.