அண்ணன் ஊற்றாத மருந்து

ராஜா அண்ணாமலைபுரம், வியாழக்கிழமை

காலையில் மாட வீதியில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். சத்தியமங்கலத்திலிருந்து அண்ணன் அழைத்தார். அவருடைய சினை மாட்டைச் சிறுத்தை அடித்துப் பாதி தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மீதிக்கு அது திரும்பி வரும், அதனால் மாட்டின் மேல் பூச்சிமருந்து ஊற்றப் போகிறேன் என்றார்.

"வேண்டாங்ண்ணா! அதுக்குக் குட்டிங்க இருக்கும்."

"மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு நீ சொல்லீருவ அம்மிணி" என்று வைத்துவிட்டார்.

பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, ஊட்ல எதுனா பிரச்சினையா?" என்றாள். பூ வாங்காமலே வந்துவிட்டேன்.

மாலையில் அவரே மறுபடி அழைத்தார். "நீ சொன்னீன்னு மருந்து ஊத்தலை. குழி தோண்டிப் பொதைச்சுட்டேன். ஆனா அது பசியோட வருமில்ல? மத்த மாட்டைக் காக்கோணும். நானும் உங்கண்ணியும் பட்டியிலதான் படுக்கறோம்."

வேண்டாம் என்று சொன்னபோது நான் சிறுத்தையை மட்டும்தான் நினைத்தேன். அந்தப் பட்டிக்குக் கதவு கிடையாது. மூங்கில் படல்தான்.

சற்று முன் அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.