பாலத்தில் நிற்கும் பெண்

மார்ச் 9, ஞாயிறு.

சேலத்துச் சுவர்களில் யார் கண்ணிலும் படாமல் வரைந்துவிட்டுப் போகும் ஓர் ஓவியரின் அக்ரிலிக் படங்களை, என்னைப் போலவே மேட்டூர் செல்வியும் சேர்க்கிறார். இன்று தன் படத்தை எடுத்துக்கொண்டு குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கண்ணாடி போன்ற தகடுகளில் தனித்தனியாக வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய படம். மொத்தமே எண் போட்ட பன்னிரண்டு பிரதிகள். என்னுடையது நான்காவது, அவருடையது ஒன்பதாவது.

இரண்டையும் அருகருகே வைத்தோம். பவானிப் பாலத்தில் ஒரு பெண் தனியாக நின்று ஆற்றையே பார்க்கிறாள். ஆனால் செல்வியின் படத்தில், கடைசித் தகட்டில், மறுமுனையிலிருந்து ஒருவன் ஓடி வருகிறான். என்னுடையதில் அவன் இல்லை.

"டூப்ளிகேட்ட உங்க தலைல கட்டிட்டாங்களா?" என்றாள் என் மனைவி கோகிலா. இந்தப் படங்கள் அவளுக்குத் தூசி துடைக்கிற வேலை, அவ்வளவுதான்.

செல்வி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்லீங்க்கா. நம்பர் ஏற ஏற நேரம் நகருதுங்க."

கோகிலா கிட்டே வந்து குனிந்தாள். "அப்பக் கடைசில அந்தப் புள்ள என்னாச்சு?"

செல்வி நாலைந்து பேருக்குப் போன் போட்டார். பன்னிரண்டாவது படம் ராசிபுரத்தில், ஒரு டாக்டர் வீட்டில் இருக்கிறதாம்.

"போட்டோ அனுப்பச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க. நாளைக்கு நேர்லயே போய்ப் பாத்துக்கலாம்," என்றேன்.

"நானும் வாரேன்," என்றாள் கோகிலா.

இரவு, எழுதியது போதும் என்று விளக்கை அணைக்கச் சொன்னவள், இன்னும் தூங்கவில்லை. இப்போது கேட்கிறாள்: "ஏனுங்க, அந்த ஆளு அந்தப் புள்ளகிட்ட நேரத்துக்குப் போயிருப்பானுங்களா?"