ஆடாத விரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஐந்தாம் மாடி. இடிக்கப்போகும் நர்சுகள் விடுதி. இடிப்பதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படமெடுத்துக் கொடுக்க வேண்டும். தளம் இற்றுப்போயிருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் ஏறலாம், கேமரா ஸ்டாண்டு, விளக்கு எதுவும் கூடாது என்று என்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். மின்சாரமும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், ஷட்டரைக் கால் நொடி திறந்து, கையிலேயே பிடித்து எடுக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்து – எல்லாம் தெரியும். நாற்பதில் முப்பது ஆடிவிட்டது.

"பட்டம் வாங்கின கை, பம்பரமா ஆடுதே" என்றார் ஸ்டுடியோ முதலாளி. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிம்மா. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் ஆபீஸ் வேலை என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 5

ஸ்டுடியோவில் கணினியில் படங்களைத் திருத்தும் அண்ணன் கூப்பிட்டார். ஆடிய படங்கள் எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல்.

"லென்ஸ் முன்னாடி விரல வைக்காதம்மா."

"வைக்கலண்ணா."

"பாரு, ரூம் முழுக்க ஆடியிருக்கு, விரல் மட்டும் ஆடல. கேமராவப் பிடிச்சிருக்கற விரல்தான் கேமராவோட சேந்து ஆடும். அப்பதான் இப்படி விழும். உன்னோடதுதான்."

பெரிதாக்கிக் காட்டினார். நகத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு.

என் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் முழுசாக இருக்கின்றன. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6

எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்காவின் கட்டைவிரல் கதவில் நசுங்கிய பிறகு நகம் அப்படித்தான் வளர்ந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வீடியோ கேம் – உள்ளங்கை அளவு, சாம்பல் திரை, மேலிருந்து கட்டை விழும். அவுட் ஆனால் மற்றவள் முறை. நான் அவுட்டே ஆக மாட்டேன். அக்காவுக்குக் கை நிற்காது. கட்டை இடப்பக்கம் போனால் அவளும் சாய்வாள். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு என் தோளோடு உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து மெதுவாகக் கட்டைவிரலை நீட்டுவாள். "தாடி. என் முறைடி."

அன்றைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொடுக்க மனசில்லை. இரண்டு பேட்டரியையும் கழற்றித் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டு, தீர்ந்துபோச்சு என்றேன். வாங்கி வரக் கடைக்குப் போனாள். லாரி. அவளுக்குப் பதினாலு, எனக்குப் பன்னிரண்டு.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எடுத்த படங்களில் விரல் ஓரத்தில் இல்லை. பாதி அறையை மறைக்கிறது.

நாளை வெள்ளி.

மார்ச் 7

கடைசி அறையை முதலில் திறந்தேன். அகலமான ஜன்னல் கல். கேமராவை ஆன் செய்து அதன்மேல் வைத்தேன். பட்டனை அமுக்கவில்லை.

"நான் அவுட். உன் முறை" என்றேன். சத்தமாகத்தான். காலி அறையில் என் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது.

வெளியே வந்து நடைவழியில் கால்மணி நேரம் நின்றேன். உள்ளே போய்க் கேமராவை எடுத்துவிட வேண்டும் என்று கை அரித்தது. போகவில்லை. ஒருமுறை உள்ளே மரத்தளம் முனகியது, புறாவாக இருக்கலாம்.

பிறகு எடுத்த முப்பது படத்திலும் கை கல் மாதிரி நின்றது. விரல் இல்லை. கார்டை அப்படியே ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டேன். திருப்பிப் பார்க்கத் தைரியமில்லை.

மார்ச் 8

அம்மாவிடம் பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "தலகாணி உறைய நான்தான துவைச்சேன்."

பத்து வருஷம். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மார்ச் 10, திங்கள்

முதலாளி உள்ளே கூப்பிட்டார். முப்பதும் சுத்தமாக வந்திருக்கிறது, அடுத்த கட்டடமும் உனக்குத்தான் என்றார். உட்காரச் சொன்னார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது என்னம்மா? ஒரு ஆளுக்கு மேல ஏறக்கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே."

அந்த முப்பதுக்கும் முன்னால் பதினோரு படங்கள். எல்லாமே ஆடியவை, எல்லாமே இடப்பக்கம் சாய்ந்தவை. எல்லாவற்றிலும் நான். அறையிலிருந்து வெளியே போகிறேன். கதவைத் தாண்டுகிறேன். கடைசியில் நடைவழியில், இரண்டடி தூரத்தில், என் பின்னந்தலை.

"யாரக் கூட்டிட்டுப் போன?"

"எங்க அக்காவ, சார்."

"இனிமே வேண்டாம். எடம் மோசம்." திரையைத் திருப்பிக்கொண்டு, "கை ரொம்ப ஆடுது அந்தப் பொண்ணுக்கு. முழங்கைய ஒட்டிப் பிடிக்கச் சொல்லு" என்றார்.

"சொல்றேன் சார்" என்றேன்.